கடலூர் என்று தேடினால் கடலூர் வரவில்லையா? காரணம் ஒரு ‘கால்’!

வங்கக்கடலில் புயல் சின்னம். நீங்கள் வேலை பார்ப்பது சென்னையில், அப்பா அம்மா இருப்பது கடலூர் முதுநகரில் என்று வைத்துக்கொள்வோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு நீளமான பிடிஎஃப் போடுகிறார்கள். எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் முகாம், யாருக்குப் போன் செய்யணும் என்ற பட்டியல். நாற்பது பக்கத்தையும் படிக்க யாருக்குப் பொறுமை? தேடல் பெட்டியில் ‘கடலூர்’ என்று அடிக்கிறீர்கள். ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்கிறது போன்.

சரி, நம்ம ஊர் லிஸ்ட்டில் இல்லை போல என்று மூடிவிடுவீர்கள். ஆனால் மூன்றாவது பக்கத்திலேயே இருக்கிறது, ‘கடலூா் முதுநகர்’ என்று. கண்ணுக்குத் தெரிவது போனுக்குத் தெரியவில்லை.

போனில் கோளாறு இல்லை. நெட்டும் ஸ்லோ இல்லை. அந்தப் பட்டியலை அடித்தவரின் கீபோர்டில் ‘ர்’ விழ வேண்டிய இடத்தில் வேறொன்று விழுந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்ததே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். அப்படிப்பட்ட மாவட்டத்தின் பெயரே தேடலில் சிக்காமல் போவதைச் சின்ன டைப்பிங் பிழை என்று தள்ளிவிட முடியாது.

அவசரத்துக்கு ஒரு வழியை முதலில் சொல்லிவிடலாம். ‘கடலூர்’ என்று முழுசாகத் தேடாதீர்கள். ‘கடலூ’ வரை அடித்து நிறுத்துங்கள். இரண்டு விதமாக அடித்ததும் சிக்கிவிடும். இது ஏன் வேலை செய்கிறது என்பதற்குத்தான் மீதிக் கதை.

இரண்டு கடலூர்

கீழே இருப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

கடலூர்
கடலூா்

சில போன்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகத் தெரியும். சிலவற்றில் இரண்டாவதின் கடைசி எழுத்துக்கு வால் இருக்காது. இன்னும் சிலவற்றில் ஒரு புள்ளி வட்டம் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். அந்த வட்டம் தெரிந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள், ஏதோ தப்பு என்பதாவது அவர்களுக்குப் புரியும்.

கணினி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், 2944 முதல் 3071 வரை. அதில் ‘ர’ என்ற எழுத்துக்கு எண் 2992. ‘கா’, ‘பா’வில் வருகிற துணைக்காலுக்கு 3006. மேலே வைக்கிற புள்ளிக்கு 3021. முதல் கடலூரில் கடைசியாக இருப்பது 2992, 3021. அதாவது ர-வும் புள்ளியும். இரண்டாவதில் இருப்பது 3006, 3021. துணைக்கால் மேல் புள்ளி! தமிழில் அப்படி ஓர் எழுத்தே கிடையாது. க, ட, ல, ஊ-வின் குறி வரை இரண்டும் ஒன்று. அதனால்தான் ‘கடலூ’ என்று தேடினால் இரண்டும் வருகின்றன.

எழுத்துகளை எண்ணிப் பார்த்தும் பிடிக்க முடியாது. இரண்டிலும் கணினிக் கணக்கில் ஆறு குறிகள்தான். ஆனால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. ‘ர்’-க்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். புள்ளி மட்டும் போகும். மிச்சம் இருப்பது வாலோடு கூடிய ‘ர’ என்றால் சரி. வெறும் கால் நிற்கிறது என்றால் மாட்டிக்கொண்டீர்கள்.

இதில் சிதம்பரத்துக்காரர்கள் தப்பித்துக்கொண்டார்கள். அந்தப் பெயரிலும் ர இருக்கிறது, ஆனால் புள்ளி இல்லாத ர. அங்கே காலைப் போட்டால் ‘சிதம்பாம்’ என்று பல்லிளிக்கும், அடித்தவரே உடனே திருத்திவிடுவார். கடலூர், காட்டுமன்னார்கோயில், திருப்பாதிரிப்புலியூர் மாதிரி ‘ர்’ வைத்த பெயர்கள்தான் சத்தமில்லாமல் அடிபடுகின்றன.

தப்பு தட்டச்சரோடது இல்லை

அப்படி ஏன் அடிக்கிறார்கள்? கவனக்குறைவு என்று சொல்வது ஈஸி. உண்மையில் இது ரொம்ப ஒழுங்காகக் கற்றுக்கொண்டதால் வந்த பழக்கம்.

பழைய அச்சில் ‘ர்’, ‘ரி’, ‘ரீ’ மூன்றுக்கும் கீழ்வால் இருக்காது. மேலே புள்ளியோ கொக்கியோ வந்தாலே அது ர என்று புரிந்துவிடும், வால் எதற்கு? கால் மாதிரி ஒரு கோடு, அதன் மேல் புள்ளி. பழைய புத்தகம் எதையாவது புரட்டினால் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசைகளை அமைத்த காலத்திலும் வழக்கம் அதுதான். தாளில் அழகாக விழுந்தால் போதும். இயந்திரத்துக்கு ர தெரியாது, கால் தெரியாது. இரும்பு எழுத்து ரிப்பனில் மோதுகிறது, அவ்வளவுதான். ஆக, காலை அடித்து அதற்குப் புள்ளி வைத்தால் அசல் ‘ர்’. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பாஸ் செய்து வந்த பலரின் விரலில் இது அப்படியே பதிந்துவிட்டது.

அந்த விரல் பிறகு கணினிக்கு வந்தது. முதலில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி மாதிரி எழுத்துருக்கள். அவையும் தட்டச்சுப்பொறி போலத்தான், வடிவம் வந்தால் போதும். பிறகு யூனிகோடு வந்தது. அங்கேதான் முதல் முறையாக ‘இது எழுத்தா, குறியா?’ என்ற கேள்வியைக் கணினி கேட்க ஆரம்பித்தது. விரலுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

இந்தக் குழப்பம் சிதம்பரத்துக்குப் புதுசும் இல்லை. ஓலைச்சுவடிகளில் ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு இருக்காது. புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. எகரமா ஏகாரமா என்பதையும் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சுவடி பதிப்பித்தவர்கள் ஒவ்வொரு வரியிலும் ‘இது ர-வா, காலா?’ என்று மல்லுக்கட்டினார்கள். அப்படி மல்லுக்கட்டியவர்களில் முதன்மையானவரான உ.வே. சாமிநாதையர், 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானபோது அந்தக் கல்லூரி அதில் ஒரு பகுதியானது. அச்சு வந்து தீர்ந்துபோன அந்தப் பழைய சந்தேகம், நூறு வருஷம் கழித்துக் கணினிக்குள் மறுபடி நுழைந்திருக்கிறது. என்ன, உ.வே.சா.வுக்கு அர்த்தம் புரியும். தேடல் பெட்டிக்குப் புரியாது.

சேர்ந்தவர் சோ்ந்தவர் ஆன கதை

‘கடலூா்’ பரவாயில்லை. இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது.

‘கடலூரைச் சேர்ந்த’ என்று எத்தனை செய்திகளில் படித்திருப்பீர்கள்! அதே செய்திகள் பலவற்றில் அது ‘சோ்ந்த’ என்று இருக்கும். செய்தித் தளங்களில் இது சர்வ சாதாரணம். நடப்பது இதுதான்: ச-வுக்கு இரட்டைக் கொம்பு போட்டாச்சு, ‘சே’. அடுத்து ‘ர்’-க்காகக் காலை அடிக்கிறார். யூனிகோடு விதிப்படி இரட்டைக் கொம்பும் காலும் அடுத்தடுத்து வந்தால் அது ஓகாரக் குறிக்குச் சமம். ஆக ‘சே’ சத்தமில்லாமல் ‘சோ’ ஆகிவிடுகிறது. அதன் தலையில் ஒரு புள்ளி. திரையில் பார்க்க ‘சேர்ந்த’ மாதிரியேதான் இருக்கும். உள்ளே இருப்பது சோ.

‘ரி’யிலும் இதே கதை. புதுச்சேரி ‘புதுச்சோி’ ஆகும். தெரியும் ‘தொியும்’ ஆகும். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்து ஒகரம் ஆகிவிடுவதால் வந்த வினை.

பார்வை உள்ளவர்கள் இதைக் கடந்துபோய்விடலாம். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை நம்பி இருக்கிறவர்களை யோசித்துப் பாருங்கள். அந்த மென்பொருள் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் படிக்கிறது. அதற்குக் கிடைப்பது ‘சோ’வும் அநாதையாக ஒரு புள்ளியும். வேலை அறிவிப்பு, தேர்வு முடிவு, மழை எச்சரிக்கை எல்லாம் இப்படி உளறிக்கொட்டினால் கேட்பவர் என்ன செய்வார்?

கூகுள் மாதிரிப் பெரிய தேடுபொறிகள் இதை ஓரளவு சமாளிக்கலாம். சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. ஒரு பிடிஎஃப்புக்குள், ஒரு எக்செல் ஷீட்டுக்குள், வாட்ஸ்அப் உரையாடலுக்குள், ஒரு தளத்தின் சொந்தத் தேடல் பெட்டிக்குள். அலுவலகத்தில் வாடிக்கையாளர் பட்டியலை ஊர் வாரியாகப் பிரிக்கச் சொன்னால், ஒரே கடலூர் இரண்டு ஊராக நிற்கும். தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

பக்கத்து ஊர் பிரெஞ்சுக்கும் உண்டு

கடலூரில் இருந்து பஸ் ஏறினால் இருபது சொச்சம் கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சு படிப்பவர்களுக்கு வேறு மாதிரித் தலைவலி. பிரெஞ்சில் சில எழுத்துகளின் தலையில் சாய்கோடு, கூரை, இரட்டைப் புள்ளி எல்லாம் வரும். விண்டோஸில் அதற்காக ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்’ கீபோர்டைப் போடுகிறார்கள். போட்ட மறுநிமிஷம் ‘கீபோர்டு கெட்டுப்போச்சு’ என்ற புகார் வரும். ஒற்றை மேற்கோள் குறியை அடித்தால் எதுவும் வராது. அடுத்து ஒரு எழுத்தை அடித்தால்தான் அதன் தலையில் சாய்கோடாகப் போய் உட்காரும். மேற்கோள் குறி மட்டும் வேண்டும் என்றால் அடுத்து ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். இதற்கு ‘டெட் கீ’ என்று பெயர்.

நம்ம தட்டச்சுப்பொறியிலும் இது இருந்தது, ‘நகரா விசை’. புள்ளியை முதலில் அடித்தால் உருளை நகராமல் நிற்கும். அதே இடத்தில் அடுத்த எழுத்தை அடிக்க வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு மாணவருக்கும் கடலூர் டைப்பிஸ்ட்டுக்கும் கொடுத்த தந்திரம் ஒன்றுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் முக்கியம். தலையில் சாய்கோடு போட்ட பிரெஞ்சு ‘இ’ எழுத்தை 233 என்ற ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், 101-ம் 769-ம் சேர்ந்த இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே அறிவித்திருப்பதால், ஒழுங்காக எழுதிய மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். நம்ம ‘ர்’ விவகாரத்தில் அப்படி ஒரு சமன்பாடு கிடையாது. ர என்பது எழுத்து, கால் என்பது குறி. இரண்டும் வேறு வேறு. தானாகச் சரியாகும் என்று காத்திருந்தால் ஆகாது, யாராவது திருத்த வேண்டும்.

எந்தக் கீபோர்டு போட்டால் பிரச்சினை வராது?

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை ‘தமிழ் 99’. அதில் துணைக்காலுக்கு என்று தனி விசையே கிடையாது. க அடித்து ஆ அடித்தால் ‘கா’ ஆகும். வழக்கமாக அடிக்கும்போது கால் மட்டும் தனியாக விழாது என்பதால் ‘கடலூா்’ என்று தவறிப்போய் விழ வாய்ப்பில்லை. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாகும் ‘அஞ்சல்’ வகைக் கீபோர்டுகளிலும் அப்படித்தான். மாட்டிக்கொள்வது பழைய தட்டச்சு அமைப்பை யூனிகோடில் பயன்படுத்துகிறவர்களும், பழைய எழுத்துருவில் அடித்து மாற்றுகிறவர்களும்தான்.

தமிழ் 99 என்றாலே ‘ஐயோ, புதுசா படிக்கணுமா’ என்று ஓடுகிறவர்கள் ‘பரங்கிப்பேட்டை’ என்று ஒருமுறை அடித்துப் பார்க்கலாம். ப, ர, ங, க, இ, ப, ப, ஏ, ட, ட, ஐ. மொத்தம் 11 தட்டு. மூன்று புள்ளிகள் வரும் பெயர் இது, ஆனால் புள்ளி விசையை ஒரு தடவைகூடத் தொடவில்லை. ங-வுக்குப் பின் க வந்தாலோ, ஒரே மெய் இரண்டு தடவை வந்தாலோ முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். சிதம்பரமும் அப்படியே, ம-வை அடுத்து ப வந்ததும் நடுவில் புள்ளி தயார். கடலூருக்கு ஆறு தட்டுதான். (இதே காரணத்தால் ‘பப்பாளி’ அடிக்கும்போது முதல் ப-வுக்குப் பிறகு அ-வைத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த எடுப்பிலேயே புள்ளி விழும். புதுசாகப் பழகுகிறவர்கள் முதல் வாரம் திட்டுவது இதைத்தான்.)

விண்டோஸில் செட்டிங்ஸ் போய், ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ பகுதியில் தமிழைச் சேருங்கள். அத்தோடு நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. தமிழ் என்பது மொழி. அதற்குள் எந்தக் கீபோர்டு என்பது தனிக் கேள்வி. தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் ‘லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்’ திறந்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். அங்கே இந்திய மொழிகளுக்குப் பொதுவான ‘இன்ஸ்கிரிப்ட்’ அமைப்பு உட்கார்ந்திருந்தால், தமிழ் 99 பழகிய விரல் ‘க’ என்று நினைத்துத் தட்டுகிற இடத்தில் ‘ப’ விழும். தமிழ் 99-ஐச் சேர்த்துவிட்டு, வேண்டாததை அங்கேயே நீக்கிவிடுங்கள். லிஸ்ட்டில் கீபோர்டுகள் எத்தனை குறைவோ, குழப்பமும் அத்தனை குறைவு.

இன்னொரு நித்தியப் புகார், ‘தானா மாறிடுது’. தானாக எதுவும் மாறாது. விண்டோஸ் விசையும் ஸ்பேஸும், அல்லது இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து பட்டால் மொழி மாறும். வேகமாக அடிக்கிறவர்களின் விரல் அங்கே படாமல் இருக்காது. தமிழ் 99 இருக்கும்போது கவனிக்காமல் கடலூரின் ஆங்கில ஸ்பெல்லிங்கைச் சின்ன எழுத்தில் அடித்தால் ‘ஒறுஉஅதடைஊ’ என்று வரும். வைரஸ் எல்லாம் இல்லை. திரையின் வலது கீழ் மூலையில் என்ன மொழி காட்டுகிறது என்று பார்த்தால் போதும். வேர்டில் தமிழ் வருகிறது, பிரவுசரில் ஆங்கிலமே வருகிறது என்றால், ‘அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்’ உள்ளே ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி மொழி வைத்துக்கொள்ளும் டிக் விழுந்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு என்று போனால் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் கிடைக்கும். 1985-ல் மலேசியாவில் தொடங்கிய முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனின் பெயரை இங்கே சொல்லாமல் போகக்கூடாது. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு போதும். தமிழ் எழுத்து அமைப்பு, ஒலிபெயர்ப்பு, கையெழுத்து என எது பிடிக்குமோ அது. போனில் அடிக்கிறவர்கள் இந்த ‘ர்’ பிழையைச் செய்வது அபூர்வம். அவர்கள் செய்வதெல்லாம் அடுத்தவர் அடித்த பிழையை ஃபார்வர்டு செய்வதுதான்.

டிடிபி கடையில் இருந்து வந்த ஃபைல்

அண்ணாமலை நகரில் ஆய்வேடு அடிப்பது ஒரு தொழில். பல வருஷங்களுக்கு முன் அடித்த பாமினி ஃபைலைத் தூசு தட்டி எடுத்து, இப்போது புத்தகமாக்க வேண்டும் என்றால் அது வேறு உலகம். பாமினி எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ‘சிதம்பரம்’ என்பது ஆர், பி, ஜே, கே, அரைப்புள்ளி, ஜி, யூ, கே, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. அது எப்போதுமே ஆங்கில எழுத்துதான். பாமினி அதற்கு மேல் தமிழ் முகமூடி போட்டிருந்தது.

2010-ல் தமிழக அரசு யூனிகோடையும், அது போதாத இடங்களில் ‘டேஸ் 16’ என்ற குறியீட்டையும் தரநிலையாக அறிவித்துவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகம் ‘கீழடி’ என்ற விசைப்பலகையையும் ‘தமிழி’ என்ற ஒருங்குறி மாற்றியையும் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. வேறு மாற்றிகளும் உண்டு. எதைப் பயன்படுத்தினாலும், மாற்றி முடித்த உடனே ஃபைலை அனுப்பிவிடாதீர்கள். பழைய ஃபைலில் தட்டச்சர் காலை அடித்திருந்தால், காலைக் கால் என்றே மாற்றிக் கொடுக்கிற மாற்றி இருக்கிறது. அது அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் காலுக்கு மேல் புள்ளி வரவே வராது என்ற ஒரு விதியை மாற்றி எழுதுகிறவர்கள் சேர்த்திருந்தால் இத்தனை ‘கடலூா்’ இணையத்தில் உலவாது. செய்தித் தளங்களின் பின்னணி மென்பொருளுக்கும் இது பொருந்தும். டெவலப்பருக்கு அரை மணி நேர வேலை.

அதுவரை கையால்தான். ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, வேர்டில் ‘ரீப்ளேஸ்’ திறங்கள். தேடுகிற பெட்டியில் ‘ா்’, மாற்றுகிற பெட்டியில் ‘ர்’. தமிழ் 99-ல் காலுக்குத் தனி விசை இல்லை என்பதால் இங்கிருந்தே காப்பி செய்துகொள்ளலாம். காலும் புள்ளியும் சேர்ந்து வருகிற தமிழ்ச் சொல் ஒன்றுகூட இல்லை, எனவே ‘ரீப்ளேஸ் ஆல்’ தைரியமாகத் தட்டலாம். இதேபோல ‘ோ்’ என்பதை ‘ேர்’ ஆக்கினால் சோ்ந்தவர் சேர்ந்தவர் ஆகிவிடுவார். ‘ாி’ என்பது ‘ரி’. ‘ோி’ என்பது ‘ேரி’, புதுச்சேரி திரும்பி வரும். ‘ொி’ என்பது ‘ெரி’, தெரியும் தெரியும்படி ஆகும். பெட்டிக்குள் இவை புள்ளி வட்டத்தோடு அலங்கோலமாகத் தெரியும், கண்டுகொள்ளாதீர்கள்.

எக்செல்லில் ‘சப்ஸ்டிட்யூட்’ ஃபார்முலா இதே வேலையைச் செய்யும். சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டத்தின் ஐந்தாவது குறியை ‘மிட்’ ஃபார்முலாவால் எடுத்து, ‘யூனிகோடு’ ஃபார்முலாவுக்குள் போட்டுப் பாருங்கள். 2992 என்றால் நல்ல கடலூர், 3006 என்றால் மற்றது.

தட்டச்சுப்பொறி அமைப்பிலேயே இருபது வருஷம் அடித்தவரைத் தமிழ் 99-க்கு மாறச் சொல்வது நியாயம் இல்லை. தேவையும் இல்லை. அந்த அமைப்பிலும் ர-வுக்குத் தனி விசை இருக்கிறது. காலுக்குப் போகும் விரலை, ‘ர்’, ‘ரி’, ‘ரீ’ மூன்றுக்கு மட்டும் ர-வுக்குத் திருப்பினால் போதும்.

மாவட்டத்தில் இன்னும் ஒரு ஊர் பாக்கி, ஸ்ரீமுஷ்ணம். அங்கே ‘ர்’ இல்லை, ஆனால் முதல் எழுத்திலேயே ஒரு கண்ணி. ‘ஸ்ரீ’யை ஸ-வில் தொடங்கியும் அடிக்கலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் அடிக்கலாம். முதலாவதின் எண் 3000, இரண்டாவது 2998. திரையில் இரண்டுக்கும் ஒரே ‘ஸ்ரீ’தான். எந்தக் கீபோர்டு எதைக் கொடுக்கிறது என்பது கீபோர்டுக்குக் கீபோர்டு மாறும். இதைக் கண்டுபிடிக்கவும் அதே பேக்ஸ்பேஸ்தான். ‘ஸ்ரீ’க்குப் பின்னால் வைத்து ஒரு தட்டு தட்டினால் எழுத்து உடைந்து, உள்ளே இருப்பது ஸ-வா ஶ-வா என்று காட்டிவிடும். தேடும்போது ‘முஷ்ணம்’ என்று மட்டும் அடித்துத் தேடினால் இரண்டும் வரும்.